நாப்பதுன்னா என்ன நாப்பது?

எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிற நார்செட் தேர்வின் மெயின்ஸ் ரிசல்ட் வந்து இன்றைக்கு நாலாவது நாள். பட்டியலில் என் நம்பர் இருக்கிறது. ரேங்க் வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. டெல்லி கிடைக்காது, எங்கே போடுகிறார்களோ அங்கே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். போன தடவை அழுத அழுகைக்கு இதுவே போதும். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அப்புறம் எழுதினால் எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்ததாக நானே நம்பிவிடுவேன்.

போன தடவை பிரிலிம்ஸ் தாண்டி மெயின்ஸில் விழுந்தேன். மருந்து தெரியாமல் இல்லை. மூன்று வருடம் கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நைட் பார்த்தவளுக்கு மருந்துப் பெயர் தெரியாமல் போகுமா? விழுந்தது கணக்கில். உதாரணத்துக்கு ஒன்று: நோயாளி 60 கிலோ, ரத்த அழுத்தத்தை ஏற்றுகிற டோபமின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், சிரிஞ்சில் 50 மில்லிக்கு 200 மில்லிகிராம். மணிக்கு எத்தனை மில்லி? நான் 5-ஐ 60-ஆல் பெருக்கி 300 எடுத்து, ஒரு மில்லிக்கு 4 என்பதால் வகுத்து 75 என்று போடுகிற ஆள். விடைகளில் 75-உம் இருக்கும், நாம் எங்கே வழுக்குவோம் என்று கேள்வி வைப்பவருக்குத் தெரியாதா? மணிக்கு 75 என்றால் அந்தச் சிரிஞ்ச் 40 நிமிடத்தில் காலி. அப்படி ஓடுகிற டோபமினை எந்த ஐசியூவில் பார்த்தேன்? வார்டில் இருக்கிற புத்தி பரீட்சை ஹாலுக்குள் வரவில்லை.

சரியான வழி: 300 என்பது நிமிடத்துக்கு மைக்ரோகிராம். மணிக்கு 18,000 மைக்ரோகிராம், அதாவது 18 மில்லிகிராம். நாலால் வகுத்தால் 4.5 மில்லி.

அப்பா சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் வேலை. ஆறாவது படிப்போடு நின்றவர். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பக்கம் பூரா நாப்பது நாப்பதுன்னு எழுதி வெச்சிருக்கறயே, என்ன நாப்பது? கவுண்ட்டா, கிலோவா? வெறும் நாப்பதுன்னு நூல் வாங்கப் போனா சிரிச்சுப்போட்டு அனுப்பீருவான்" என்றார்.

அது இன்சுலின் நாப்பது, மில்லிக்கு 40 யூனிட். அவர் கேட்ட கேள்வியை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் என்னையே கேட்டிருக்க வேண்டும். அப்போது ஒரு காலை, கையில் அந்த 40 யூனிட் வயல் (மருந்துக் குப்பி), அதற்கான சிவப்பு மூடி சிரிஞ்ச் தீர்ந்துபோய் டிரேயில் ஆரஞ்சு மூடிதான் இருந்தது. ஆர்டர் 20 யூனிட். 20 கோடு வரைக்கும் இழுத்துவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார், திட்டவில்லை. "அம்மிணி, மூடியப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் இருக்கிற வயலுக்கானது. அதில் 20 கோடு என்றால் 0.2 மில்லி. 40 யூனிட் வயலில் 0.2 மில்லிக்கு 8 யூனிட்தான் வரும். இதையே திருப்பிப் போட்டால் இன்னும் மோசம்: 100 வயலைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். விடியும்போது அந்த மனுஷர் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டிக் கிடப்பார்.

அப்பா கேட்ட அன்று ராத்திரி ஒரு விதி போட்டுக்கொண்டேன். அலகு இல்லாமல் ஓர் எண்ணைக்கூடத் தாளில் எழுதுவதில்லை. கூட்டலோ கழித்தலோ, 5 என்று எழுதினால் பக்கத்தில் மைக்ரோகிராம் இருக்க வேண்டும், அதன் கீழே கிலோ, நிமிடம். மேலேயும் கீழேயும் ஒரே அலகு வந்தால் இரண்டையும் அடித்துவிட வேண்டும். கடைசியில் மிஞ்சுவது கேள்வி கேட்ட அலகாக இல்லாவிட்டால் விடை தப்பு. சோமனூர்–காந்திபுரம் பஸ்ஸில் தினமும் பத்துக் கணக்கு. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன். இது கொஞ்சம் மிகை என்று சொல்லப்போகிறவர்கள் என் மார்க்கை வாங்கிப் பார்க்கட்டும்.

அலகு என்று தெரியாமல் ஒளிந்திருக்கிற அலகுகள்:
– 50 சதவீத மக்னீசியம் சல்பேட்: ஒரு மில்லியில் 500 மில்லிகிராம். 2 மில்லி ஆம்பூல் ஒரு கிராம்.
– அட்ரினலின் 1:1000 என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம். 1:10,000 என்றால் 0.1 மில்லிகிராம். அனாபிலாக்சிஸுக்கு, அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைக்கு, தொடையில் போடுவது முதலாவது, பெரியவர்களுக்கு 0.5 மில்லி.
– மைக்ரோ செட்டில் (சின்னச் சொட்டாக டிரிப் ஏற்றுகிற குழாய்) மில்லிக்கு 60 சொட்டு. மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, கணக்கே வேண்டாம்.
– தீக்காயத்தில் பார்க்லேண்ட் சூத்திரப்படி ஏற்றுகிற திரவத்தின் முதல் பாதியை 8 மணி நேரத்தில் கொடுக்கிறோம். அந்த 8 மணி தீப்பிடித்த நேரத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை.

மாற்றுமருந்துப் பட்டியலை (எந்த மருந்தை, விஷத்தை எது முறிக்கும் என்பதை) நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரிடமும் இருக்கிறது. எப்போது நிறுத்துவது, எதைப் பார்த்துக் கொடுப்பது என்பதில்தான் மெயின்ஸ் நம்மைப் பிடிக்கும். மக்னீசியம் சல்பேட் அடுத்த டோஸுக்கு முன்னால் முழங்கால் அனிச்சை (தட்டினால் கால் துள்ளுவது) இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா. மருந்து மிஞ்சினால் முதலில் போவது முழங்கால், மூச்சு அதற்குப் பிறகு. பூச்சிமருந்து குடித்த கேஸ் நம் ஊர்ப் பக்கத்து வார்டுகளில் வேலை செய்தவர்களுக்குப் புதிதில்லை. அதற்குக் கொடுக்கிற அட்ரோபின் போதுமா என்பதற்குக் கண்பாப்பா விரிந்ததை வைத்து விடை போடாதீர்கள். நெஞ்சில் சத்தம் அடங்கியதா, அக்குள் காய்ந்ததா, நாடி 80-ஐத் தாண்டியதா என்று பாருங்கள்.

எத்திக்ஸை, அதாவது மருத்துவ அறத்தை, எல்லாரும் கடைசி நாளுக்கு ஒதுக்குகிறார்கள். நானும் அப்படித்தான், அது தப்பு. நான்கு கோட்பாட்டின் பெயர் சொன்னால் மார்க் வந்த காலம் போய்விட்டது. "வூட்டுக்காரர் வரட்டுங் சிஸ்டர், அவரே கையெழுத்துப் போட்டுருவாருங்" என்று தினமும் கேட்கிறோம், இல்லையா? நினைவோடு இருக்கிற, வயதுவந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்துதான். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சோதனைக்குக் கொடுத்த சம்மதம் கருப்பை எடுப்பதற்குச் செல்லாது, மயக்கத்தில் இருந்தவளுக்காக அம்மா சொன்ன சம்மதமும் செல்லாது. இதில் நர்ஸுக்கு வைக்கிற பொறி ஒன்று உண்டு. ஆபரேஷனை விளக்குவது டாக்டர் வேலை, நாம் கையெழுத்துக்குச் சாட்சி. நோயாளிக்குப் புரியவில்லை என்றால் நாமே உட்கார்ந்து விளக்குகிற விடை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டருக்குத் தெரிவிப்பதே சரி.

"கேன்சர்னு அவருகிட்டச் சொல்லிராதீங்" கேள்வியும் அப்படியே. பொய் சொல்லவும் கூடாது, நாமாகப் போட்டு உடைக்கவும் கூடாது. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்கிற விடையைத் தேடுங்கள்.

குழுவாகப் படிப்பது எனக்கு ஆகவே ஆகாது. பேச்சு கல்யாணத்தில் போய் நிற்கும். நைட்டில் மூன்று மணிக்கு மேல் வார்டு அடங்கினால் அரை மணி நேரம் கிடைக்கும், அதில் படித்ததுதான் மண்டையில் நின்றது. உங்களுக்குக் கூட்டம் ஒத்துவந்தால் கூட்டமாகப் படியுங்கள்.

மூன்று தப்பு ஒரு சரியை விழுங்கும். போன தடவை வாய்க்கு வந்ததை எல்லாம் அழுத்தினேன். இந்தத் தடவை இரண்டு விடையையாவது அடித்துவிட முடிந்தால்தான் கை வைத்தேன், 14 கேள்வியைச் சும்மா விட்டேன். 13-க்கு வருத்தமில்லை. மிச்சம் ஒன்று, ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெபாரினுக்கு மாற்றுமருந்து. கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில், புரோட்டமின் என்று வாய்விட்டு முணுமுணுத்துவிட்டு, அழுத்தாமலே அடுத்ததுக்குப் போயிருக்கிறேன்.