ஹெட்லைட் மங்கலா? முதலில் சுவிட்சைப் பாருங்க

மோரிஸ் மைனர், எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பல்பை மாற்றும் முன் லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை டாஷ்போர்டு சுவிட்சின் இரண்டு முனைகளிலும் வையுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே காண்டாக்ட் கருத்திருக்கு.

கழற்றும் முன் பேட்டரி எர்த்தை எடுத்துடுங்க. பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு வரும் பிரவுன் ஒயருக்கு ஃப்யூஸே கிடையாது. தகரத்தில் பட்டால் புகைதான்! சுவிட்சின் மடிப்பு நாக்குகளை மெதுவா நிமிர்த்துங்க, திரும்பத் திரும்ப மடித்தால் ஒடியும். பாலித்தீன் பைக்குள் வைத்துத் திறந்தால் ஸ்பிரிங் பறந்து தொலையாது. 1000 நம்பர் எமரி பேப்பரால் லேசாத் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடிங்க. பிளாஸ்டிக் உருகியிருந்தால் மெனக்கெடாதீங்க, புதுசுதான்.

இரண்டு 60 வாட் பல்பு என்றால் 10 ஆம்பியர். அத்தனையும் அந்தச் சின்ன காண்டாக்ட் வழியாப் போகுது. அந்தச் சுமையைக் குறைக்க ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) போடுங்க. ரிலேயின் முனைகளில் உள்ள எண்படி: 30-க்கு ஃப்யூஸ் வழியா பேட்டரி, 87-க்கு பல்பு, 86-க்கு டிப் சுவிட்ச் (ஹை, லோ மாற்றும் சுவிட்ச்) ஒயர், 85-க்கு எர்த்.