அந்தக் கடிதத்தில் லோட்டே இல்லை

நான்கு ஆண்டுகளாக பிரேசிலின் ரியோவில் ஒரே குடியிருப்பில் இருக்கிறோம். சென்ற மாதம் தபால் எடுக்கக் கீழே போனபோது, வாயிற்காவலர் புதிதாகச் சேர்ந்த ஆளிடம் என்னைக் காட்டி, "301-ஆம் வீட்டு எஞ்சினியரின் மனைவி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. தினமும் வணக்கம் சொல்கிறேன், தீபாவளிக்கு அதிரசம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு என் பெயர் தெரியாது.

அந்த ஞாயிறன்று பஸ் ஏறி, மலை மேலிருக்கும் பெட்ரோபோலிஸ் போனோம். ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் கடைசியாகக் குடியிருந்த வீடு அங்கே, கொன்சால்வெஸ் டியாஸ் தெருவில் 34-ஆம் எண். இப்போது அது நினைவில்லம். படியேறியதும் நம் திண்ணையைப் போல ஒரு தாழ்வாரம். அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

யூதர் என்பதால் ஸ்வைக்கின் புத்தகங்களை 1933-இல் ஜெர்மனியில் எரித்தார்கள். மறு ஆண்டு சால்ஸ்பர்க் வீட்டில் போலீஸ் சோதனை நடந்ததும் லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே தட்டச்சு செய்ய வந்தவர்தான் லோட்டே அல்ட்மன். அவரும் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். போர் மூண்ட 1939 செப்டம்பரில் இங்கிலாந்தின் பாத் நகரில் திருமணம். இருவருக்கும் 26 வயது வித்தியாசம். பிறகு நியூயார்க், 1941-இல் பிரேசில். உலகப் புகழ் பெற்ற ஒருவர், ஆறு மாத வாடகைக்கு எடுத்த சிறு வீட்டில் வந்து நின்றார்.

அவரைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். என் மனம் லோட்டேயிடமே நின்றது. முப்பத்து மூன்று வயது. இரவில் ஆஸ்துமா மூச்சை இழுக்கும். வேலை செய்ய வரும் பெண்ணிடம் போர்ச்சுகீசியத்தில் பேசிப் பழக வேண்டும், சோர்ந்திருக்கும் கணவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். லண்டனிலிருந்த அண்ணன் குடும்பத்துக்கு லோட்டே எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாயின. சமையல், வேலைக்காரப் பெண், நாய்க்குட்டி, வீட்டுச் செலவு என்றே போகின்றன. ஊருக்கு எழுதும்போது துக்கத்தை மடித்து உள்ளே வைத்துவிடும் பழக்கம் எனக்குத் தெரியும்.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. சந்தையில் கொத்தமல்லியைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறேன். நம் மரவள்ளிக் கிழங்கு இந்த மண்ணிலிருந்து போனது. இங்கே ரியோவின் திஜூக்கா காட்டில் நிற்கும் பலா மரங்களோ நம் பக்கமிருந்து வந்தவை. பலாவுக்கு 'ஜாக்கா' என்று பெயர்; மலையாளச் 'சக்க'தான் அப்படித் திரிந்தது. ஒருநாள் கீழே விழுந்து வெடித்த பழத்தின் மணம் வந்தது. எண்ணெய் தடவிய கையால் அப்பத்தா சுளை பிரித்துத் தருவது அப்படியே கண்ணில் வந்து நின்றது. அன்று மாலை வரை வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை.

அப்பத்தாவையும் லோட்டேயையும் ஒரே செய்தி தாக்கியிருக்கிறது. 1942 பிப்ரவரியில் ஸ்வைக்கும் லோட்டேயும் கார்னிவல் பார்க்க ரியோவுக்கு இறங்கினார்கள். ஊரே ஆடிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததைப் பத்திரிகையில் படித்துவிட்டு உடனே மலைக்குத் திரும்பினார்கள். அதே மாசி மாதம் சிவகங்கைச் சீமையில் ஒரு கிராமத்தில் பத்தொன்பது வயது அப்பத்தாவுக்கும் அந்தச் செய்தி வந்தது. தாத்தா சிங்கப்பூரில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர் கடிதங்கள் எப்போதும் கொள்ளுத்தாத்தா பெயருக்குத்தான் வரும். கடைசி வரியில் "வீட்டில் உள்ளவர்களையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்றிருக்கும். அந்த 'வீட்டில் உள்ளவர்களில்' ஒருவர்தான் அப்பத்தா. பிறகு அந்த வரியும் வரவில்லை. 1946-இல் தாத்தாவே வந்து சேர்ந்தார்.

லோட்டேக்கு அந்த விடிவு இல்லை. கார்னிவல் முடிந்த அடுத்த வாரத் தொடக்கத்தில் இருவரும் அந்த வீட்டில் இறந்து கிடந்தார்கள். தாங்களே தேடிக்கொண்ட முடிவு. ஸ்வைக் எழுதி வைத்த கடைசிக் கடிதத்தில் பிரேசிலுக்கு நன்றி இருக்கிறது. நீண்ட இரவுக்குப் பின் வரும் விடியலை நண்பர்கள் காண வேண்டும் என்ற வாழ்த்து இருக்கிறது. "பொறுமையற்ற நான் முன்னே போகிறேன்" என்கிறார். 'நான்' என்றுதான் எழுதியிருக்கிறார், 'நாங்கள்' என்று இல்லை. லோட்டே என்ற சொல் எங்கும் கிடையாது. ஸ்வைக் பட்ட வேதனை எனக்குப் புரிகிறது, அந்த எழுத்தை மதிக்கிறேன். ஆனாலும் இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நகராட்சிக் கல்லறையில் இருவரையும் அருகருகே புதைத்திருக்கிறார்கள். லோட்டேயின் பெயரை வாய்விட்டுப் படித்தேன். மழை பிடித்துக்கொண்டது.

பஸ்ஸில் இறங்கி வரும்போது அம்மா அழைத்தாள். "எங்கேடி போனீர்கள்?"

"மலைக்கு, அம்மா. நல்ல குளிர்."

"சாப்பிட்டாயா? நன்றாக இருக்கிறாயா?"

காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. "சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறேன்" என்றேன்.