திபெத்தின் தொடக்க கால வரலாறு: அரியர் தாளை இரண்டாம் முறை எழுதிய அனுபவம்

முதுகலை பௌத்தவியலைத் தொலைதூரக் கல்வியில் படித்தேன். வேலைக்குப் போய்க்கொண்டே படித்ததால் எல்லாத் தாளுக்கும் ஒரே அளவு நேரம் கொடுக்க முடியவில்லை. ஆனால் திபெத்தின் தொடக்க காலப் பண்பாடும் சமயமும் பற்றிய தாளை மட்டும் ரொம்பவே ஆசைப்பட்டுப் படித்தேன். அந்தத் தாளில்தான் அரியர் விழுந்தது. பணம் கட்டி விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தேன். நன்றாக எழுதியதாக நான் நினைத்திருந்த பக்கங்களின் ஓரத்தில், சிவப்பு மையில், மூன்று இடங்களில் ஒரே சொல் இருந்தது: "ஆதாரம்?"

முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அந்த மூன்று இடங்களையும் வரிசையாகப் படித்தபோது திருத்தியவர் கேட்டது சரிதான் என்று புரிந்தது. 7ஆம் நூற்றாண்டுத் திபெத்திய மன்னர் சோங்சென் கம்போ, தோன்மி சம்போடா என்பவரை இந்தியாவுக்கு அனுப்பி எழுத்து கற்றுவரச் செய்தார் என்று எழுதியிருந்தேன். நேபாள இளவரசி பிருகுடியை மணந்தார் என்று எழுதியிருந்தேன். பத்மசம்பவர் என்ற தாந்திரிக குரு மலைத் தேவதைகளை அடக்கிய பிறகுதான் திபெத்தின் முதல் மடமான சாம்யேயைக் கட்ட முடிந்தது என்று எழுதியிருந்தேன். சீன இளவரசி வென்செங் 641இல் மணமகளாகத் திபெத்துக்கு வந்ததை எந்தத் தொனியில் எழுதினேனோ, அதே தொனியில் இந்த மூன்றையும் எழுதியிருந்தேன். சிக்கல் அங்கேதான்.

இந்தத் தாளுக்குப் படிப்பவர்கள் முதல் நாளே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தொடக்க காலத் திபெத் பற்றி நாம் படிக்கும் செய்திகள் இரண்டு வேறு காலங்களிலிருந்து வருகின்றன. ஒரு பகுதி, பேரரசு நடந்துகொண்டிருந்த 7 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலோ அதற்குச் சற்றுப் பின்போ எழுதப்பட்டது: கல்தூண் கல்வெட்டுகள், துன்ஹுவாங் குகையில் கிடைத்த ஏடுகள். இன்னொரு பகுதி, பௌத்தம் திபெத்தில் முழுமையாக வேரூன்றிய பிறகு, 11ஆம் நூற்றாண்டுக்கு மேல் துறவிகள் எழுதிய சமய வரலாறுகள். பாடப் புத்தகங்கள் இரண்டையும் கலந்து ஒரே ஓட்டமாகச் சொல்லிவிடும். பிரித்தெடுக்கும் வேலை நம்முடையது.

துன்ஹுவாங் ஏடுகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று படியுங்கள். பட்டுப்பாதையில் இருந்த அந்தக் குகைக்கோயிலில், சுவர் வைத்து மூடப்பட்டிருந்த சிறிய அறை ஒன்றை 1900இல் வாங் யுவான்லு என்ற தாவோயியத் துறவி கண்டுபிடித்தார். 1907இல் ஆரல் ஸ்டைனும் 1908இல் பால் பெலியோவும் அங்கிருந்து ஏராளமான சுவடிகளை எடுத்துப் போனார்கள். அந்த ஊர் பல பத்தாண்டுகள் திபெத்தியர் ஆட்சியில் இருந்தது. அதனால் அந்த அறையில் பழைய திபெத்திய ஏடுகளும் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்று ஆண்டுக் குறிப்பேடு. 641 தொடங்கி 764 வரை, சென்போ (மன்னரை அப்படித்தான் சொல்வார்கள்) கோடையை எங்கே கழித்தார், மந்திரிகளின் அவை எங்கே கூடியது, எங்கே கணக்கெடுப்பு நடந்தது, யார் இறந்தார் என்று பெரும்பாலும் ஆண்டுவாரியாக வறட்சியாகச் சொல்லிக்கொண்டே போகும். வென்செங் அதில் இருக்கிறார். பிருகுடி இல்லை. பௌத்தம் பற்றி ஒரு வரியும் இல்லை. இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பௌத்த நாடு உருவான கதை என்று நினைத்துத்தானே அதுவரை படித்துக்கொண்டிருந்தேன்!

சரி, நோட்டு எப்படிப் போட்டேன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு மன்னருக்கும் ஒரு பக்கம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'அப்போதே எழுதியது', வலப்பக்கம் 'பின்னால் சொன்னது'.

சோங்சென் கம்போ பக்கத்தில் இடப்புறம் இவை வந்தன: 640களில் மேற்கே இருந்த ஷாங்ஷுங் அரசை வென்றது, வென்செங் வருகை, மன்னர் இறந்து சில ஆண்டுகளில், 655இல், மந்திரி கார் தோங்சென் சட்டங்களை எழுத்தில் வடித்தது, 9ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கார்ச்சுங் தூண் கல்வெட்டு ராசாவில் (இன்றைய லாசா) சோங்சென் கம்போ கோயில் எழுப்பியதாகச் சொல்வது. வலப்புறம் தோன்மி, பிருகுடி, மன்னர் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் அவதாரம் என்ற நம்பிக்கை, திபெத் நிலமே மல்லாந்து கிடக்கும் ஓர் அரக்கி என்றும் அவள் உடலின் மூட்டுகளில் கோயில்கள் கட்டி அவளை அசையாமல் நிறுத்தினார் என்றும் சொல்லும் கதை. கோடு போட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது. 655இல் சட்டம் எழுதியிருக்கிறார்கள் என்றால் எழுத்து அதற்கு முன்பே வந்துவிட்டது. எழுத்து வந்தது உறுதி. அதைக் கொண்டுவந்தவரின் பெயர்தான் வலப்பக்கத்துக்குப் போகிறது.

வலப்பக்கத்தை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அரக்கியின் உடல்மேல் கோயில் என்பது 7ஆம் நூற்றாண்டுக்குச் சான்றாகாமல் போகலாம். ஆனால் பழைய நிலத் தெய்வங்களோடு பௌத்தம் எப்படி உறவு வைத்துக்கொண்டது என்று பின்வந்த திபெத்தியர் நினைத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. விடையில் அப்படித்தான் எழுத வேண்டும்.

இடப்பக்கமும் வறட்சியாகவே இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அதே துன்ஹுவாங் ஏடுகளில் இன்னொரு பழைய வரலாறு இருக்கிறது. அதில் பாட்டுகள் வரும். சோங்சென் கம்போவின் தங்கை செமர்கார் ஷாங்ஷுங் அரசனுக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவள். கணவன் அவளைக் கவனிப்பதில்லை. பிறந்த வீட்டிலிருந்து வந்த தூதனிடம் அவள் பாடுகிறாள்: இங்கே சாப்பிட மீனும் கோதுமையும்தான், மென்றால் கசக்கிறது. அண்ணனுக்குக் கடிதம் கிடையாது. முத்திரையிட்ட பொதி ஒன்றைக் கொடுத்தனுப்புகிறாள். பிரித்தால் உள்ளே டர்காய்ஸ் நீலக் கற்களும் ஒரு பெண்ணின் தொப்பியும். படையெடுத்து வரத் துணிவிருந்தால் கற்களை அணிந்துகொள், இல்லையென்றால் தொப்பியைப் போட்டுக்கொள் என்று அண்ணன் புரிந்துகொள்கிறான். உள்ளுறை உவமம் படித்துப் பழகிய நமக்கு இந்தப் பாட்டு சட்டென்று பிடிபடும். ஷாங்ஷுங் வெற்றி பற்றிக் கேள்வி வந்தால் இதை இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். முதல் முறை படித்தபோது 'க்ரி-ஸ்ரோங்-ல்தே-ப்த்சன்' என்ற மன்னரையும் 'த்ரிசோங் தேசென்' என்ற மன்னரையும் தனித்தனி ஆட்கள் என்று நினைத்து இரண்டு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஒரே ஆள்தான். ஒரு புத்தகம் எழுத்துக்கூட்டலைத் தருகிறது, இன்னொன்று இன்றைய லாசா உச்சரிப்பைத் தருகிறது. இது எனக்கு பைலகுப்பேயில்தான் தெளிவானது. மைசூரிலிருந்து குஷால்நகர் பஸ்ஸில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடித்தால் அந்தத் திபெத்தியக் குடியிருப்பு வந்துவிடும். மடத்தில் ஓர் இளம் துறவி மஞ்சள் துணி சுற்றிய பொதி ஒன்றை எனக்காகப் பிரித்தார். மேலும் கீழும் மரப்பலகை, நடுவில் நீளநீளமான, தைக்காத தாள்கள். பேச்சா என்கிறார்கள். ஓலைச்சுவடி பார்த்த கண்ணுக்கு அது புதிதாகவே தெரியாது. இந்தியப் பனையோலைச் சுவடியின் வடிவத்தைத்தான் காகிதத்தில் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் ஒரு சொல்லை விரலால் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்: ப், க், ர, ஷி, ஸ். பிறகு சேர்த்து வாசித்தார்: "டாஷி." நல்வாழ்த்து என்று பொருள். எழுத்துக்கூட்டல் பேரரசுக் காலத்திலேயே நின்றுவிட்டது, லாசாவின் நாக்கு நகர்ந்துவிட்டது. லடாக், பல்திஸ்தான் பேச்சில் அந்த எழுத்துகளில் பல இன்னும் ஒலிக்கின்றன. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வடிவத்தையும் எழுதி வையுங்கள். முப்பது மெய்யெழுத்தையும் நான்கு உயிர்க்குறிகளையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது.

(பாடத்தில் வராது, ஆனாலும் சொல்ல ஆசை. பல்லவர் காலக் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் தண்டியின் காவியாதர்சம் 13ஆம் நூற்றாண்டில் திபெத்திய மொழிக்குப் போய், அவர்களின் கவிதை இலக்கணத்துக்கே அடிப்படையானது. அதே நூல்தான் நம்மிடம் தண்டியலங்காரத்துக்கு முதல்நூல்.)

போன் சமயம் பற்றிய கேள்வியில்தான் பெரும்பாலானோர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். 'பௌத்தத்துக்கு முன் திபெத்தில் போன் சமயம் இருந்தது' என்று ஒரே வரியில் தொடங்கினால் பாதி தவறு அங்கேயே நுழைந்துவிடும். பேரரசுக் காலத்தில் இருந்தது சென்போவை மையமாக வைத்த சடங்கு முறை. போன்போ, ஷென் என்பவர்கள் அதில் சடங்கு செய்யும் பூசாரிகள். மன்னர் இறந்தால் பெரிய மண்மேட்டுக் கல்லறை, குதிரை, யாக், ஆடு பலி. அந்த மன்னர்களின் பூர்வீகமான யார்லுங் பள்ளத்தாக்கின் பக்கத்தில் சோங்யேயில் அந்த மேடுகளை இன்றும் பார்க்கலாம். இன்று நாம் போன் என்று அறியும் ஒழுங்கான சமயம் வேறு. ஷென்ரப் மிவோவை ஆசிரியராகக் கொண்டு, மறைநூல்களும் மடங்களும் உள்ள யுங்துருங் போன் 10, 11ஆம் நூற்றாண்டுகளில்தான் அந்த வடிவத்தில் நமக்குத் தெரிகிறது. 1017இல் ஷென்சென் லுகா புதைந்திருந்த நூல்களைக் கண்டெடுத்தது அதில் முக்கியமான நிகழ்ச்சி. அந்தச் சமயத்தார் தங்கள் வேர் ஷாங்ஷுங்கில் இருப்பதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை மரியாதையோடு அப்படியே பதிவு செய்யுங்கள்.

பழைய அரச சமயத்தை விளக்க திகும் சென்போ கதை ஒன்று போதும். முதல் மன்னர்கள் வானத்திலிருந்து ஒரு கயிற்றில் இறங்கி வந்தவர்கள். வாழ்வு முடிந்ததும் அதே கயிற்றில் ஏறிப் போய்விடுவார்கள், உடல் மிஞ்சாது. திகும் தன் குதிரைக்காரன் லோங்கத்தைச் சண்டைக்கு அழைக்கிறான். தலைக்கு மேல் வாளைச் சுழற்றும்போது தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறான். பூமியில் உடல் கிடந்த முதல் மன்னன் அவன்தான். கல்லறைகள் ஏன் வந்தன, மன்னனுக்குத் தெய்வத்தன்மை எங்கிருந்து வந்தது என்ற இரண்டு கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

8ஆம் நூற்றாண்டு மன்னர் த்ரிசோங் தேசென் காலத்தை எல்லாப் புத்தகமும் நன்றாகவே சொல்லும். நாளந்தாவின் சாந்தரட்சிதர், பிகாரின் ஓதந்தபுரியை மாதிரியாகக் கொண்ட சாம்யே, 779 வாக்கில் அதன் குடமுழுக்கு, முதல் ஏழு துறவிகள். அங்கே அவர் நிறுத்திய ஆணைத் தூணை இடப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சாம்யே கட்டிய கதையைச் சொல்லும் பழைய நூலான 'பா'வின் சாசனத்தில் பத்மசம்பவருக்குச் சிறிய பங்குதான்; பிந்தைய வாழ்க்கை வரலாறுகளில் அது பெரிதாகிறது. ஞானம் எப்படி வரும் என்று அந்த மன்னர் காலத்தில் நடந்த சாம்யே விவாதத்துக்கு இரண்டு தரப்பையும் எழுதுங்கள்: படிப்படியான பயிற்சி வேண்டும் என்ற இந்திய ஆசான் கமலசீலர் வென்றார் என்பது திபெத்திய மரபு, கணத்தில் வரும் ஞானத்தைப் பேசிய சீனத் துறவி மொஹெயென் பக்கமே வென்றதாகத் துன்ஹுவாங்கில் கிடைத்த சீன ஏடு சொல்கிறது.

இரண்டாம் முறை தேர்வில், 9ஆம் நூற்றாண்டில் திபெத்தின் சமய நிலை பற்றி ஒரு பெரிய கேள்வி வந்தது. முன்பென்றால் பௌத்தத்தை ஆதரித்த மன்னர் ரல்பசென் நல்லவர், அடுத்து வந்து அதை ஒடுக்கியதாகச் சொல்லப்படும் லங்தர்மா கெட்டவர், 842இல் லங்தர்மா கொலை, பேரரசு சிதறியது என்று எழுதி முடித்திருப்பேன். இந்த முறை லாசாவில் ஜோகாங் கோயில் முன் நிற்கும் ஒப்பந்தத் தூணிலிருந்து தொடங்கினேன். சீனத்தோடு 821, 822இல் செய்துகொண்ட சமாதானம் அது. ஒரே சத்தியத்தில் பௌத்தத்தின் மும்மணிகளையும் (புத்தர், தம்மம், சங்கம்) சாட்சிக்கு அழைக்கிறார்கள், சூரியன், சந்திரன், கோள்களையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள், கூடவே விலங்குகளைப் பலியும் கொடுக்கிறார்கள். துறவிகளுக்கு வாரி வழங்கிய ரல்பசென் காலத்திலேயே அரசின் கல்லில் இரண்டு சமயமும் அருகருகே இருக்கின்றன. அதை முதல் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்புறம் வரைபடம் போட்டேன்: மேற்கே கைலாசம், தெற்கே யார்லுங், சாங்போ ஆற்றின் வடகரையில் சாம்யே, கீச்சு ஆற்றங்கரையில் லாசா, வடக்கே தொலைவில் துன்ஹுவாங். வரைபடத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பென்சிலைக் கையில் எடுத்துப் போங்கள்.