சாய்கோட்டை ஏற்காத படிவம்

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் மென்பொருளைத் திருத்தப் போனால், முதலில் கணினித் திரையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சள் தாள்கள் ஒட்டியிருக்கும்: ‘ஐசியில் கோடு போடாதே’ (ஐசி என்றால் அடையாள அட்டை), ‘சேவ் ஒரு தடவைதான்’, ‘கூலிம் 9000 வந்தால் முன்னால் 0 போடு’. மென்பொருளின் ஓட்டைகளுக்குக் கவுண்டரில் இருப்பவர்கள் தாங்களே எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு அது. முதலாளியோ அகப்பக்கத்தின் முகப்புப் படம் பழசாகிவிட்டது என்றுதான் பேச்சைத் தொடங்குவார். படத்தை மாற்ற அரை நாள் போதும். காசு கரைவது உள்ளே, படிவத்தில்.

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடும். வெளிநாட்டு வார்ப்பில் செய்த படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? முத்து ஏ/எல் ராமன் (ஏ/எல் என்றால் ‘மகன்’) இரண்டாம் கட்டத்தில் ராமனைப் போட்டால், மகனுக்குப் போகும் கடிதத்தில் ‘திரு. ராமன்’ என்று அப்பாவை விளிக்கும் கணினி. மலாய்க்காரருக்கு இடையில் ‘பின்’ (மகன்), ‘பிந்தி’ (மகள்); சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால். இதையும் தாண்டி, சாய்கோட்டைக் கண்டதும் ‘தவறான எழுத்து’ என்று சிவப்பில் மிரட்டும் படிவங்கள் இன்னும் இருக்கின்றன. ஒருவர் ஏஎல் என்று சேர்த்து எழுதுவார், இன்னொருவர் இடைவெளி விடுவார், மூன்றாமவர் அதையே விட்டுவிடுவார். ஒரே வாடிக்கையாளருக்கு மூன்று கணக்கு, மூன்று கடன் வரம்பு. ‘ஐசியில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே நீளக் கட்டம், விரும்பினால் நிரப்ப ‘எப்படி அழைக்கலாம்’ என்று ஒரு சிறு கட்டம் போதும். சேமிப்பது உள்ளபடியே இருக்கட்டும். தேடும்போது மட்டும் சாய்கோடு, புள்ளி, இடைவெளி எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

வடக்கில் வியாபாரம் செய்கிறவர்களைப் பூஜ்யம் தனியாக வாட்டும். ஜார்ஜ் டவுனின் அஞ்சல் குறியீடு 10-இல் தொடங்குகிறது, தொல்லையில்லை. ஆனால் லாரி போகும் ஊர்களைப் பாருங்கள்: அலோர் ஸ்டார் 05000, சுங்கை பட்டாணி 08000, கங்கார் 01000. பட்டியலை எக்செலில் திறந்ததும் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முதல் 0-வை உதிர்த்துவிடும். ஐசிக்கும் இதே கதிதான். கோடில்லாமல் எழுதிய 12 இலக்கத்தை எக்செல் 9.1E+11 என்கிற மாதிரி சுருக்கிக் காட்டும். 2005-இல் பிறந்தவருடையது 05 என்று தொடங்குவதால் 11 இலக்கமாகிவிடும். அந்தப் பிள்ளைகள் இப்போது வேலைக்கே வந்துவிட்டார்கள். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை, எழுத்து. தரவுத்தளத்திலும் இறக்குமதியிலும் அப்படியே அறிவிக்க வேண்டும். கோடு போட்டாலும் போடாவிட்டாலும் ஏற்றுக்கொண்டு, காட்டும்போது 6-2-4 என்று பிரித்துக் காட்டுவது கணினியின் வேலை.

உள் மென்பொருளைப் பழைய கறுப்புத் திரையிலிருந்து உலாவிக்கு மாற்றும்போது வேறொரு விபத்து காத்திருக்கும். பழையதில் என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். உலாவியில் என்டர் தட்டினால் படிவமே சர்வருக்கு அனுப்பப்பட்டுவிடும். பல வருடக் கைப்பழக்கம் ஒரு நாளில் மாறுமா? முதல் வாரம் முழுக்க ஒரு பொருள் மட்டும் உள்ள அரைகுறை ஆர்டர்கள் ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருக்கும். என்டருக்குப் பழைய வேலையையே கொடுங்கள். சேமிக்கத் தனி விசை வையுங்கள். அழுத்தியதும் பொத்தான் உறைய வேண்டும். ஒவ்வொரு ஆர்டருக்கும் திறக்கும்போதே ஓர் அடையாள எண் கொடுத்தால், இணையம் திணறி இரண்டு முறை போனாலும் சர்வர் ஒன்றைத்தான் எடுக்கும். தொலைபேசியில் ஆர்டர் எடுப்பவரின் ஒரு கை ரிசீவரில் இருக்கிறது. அவரை மவுஸைத் தேட வைக்கும் வடிவமைப்பு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

வரி விழுக்காட்டை நிரலுக்குள் எழுதிவைத்தவர்கள் பட்டுத்தான் திருந்தினார்கள். 2015 ஏப்ரல் 1-இல் ஜிஎஸ்டி 6 விழுக்காடு, 2018 ஜூன் 1-இல் 0, செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி எனும் விற்பனை, சேவை வரி, 2024 மார்ச் 1-இல் பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடு. விழுக்காடு, தொடங்கும் தேதி, முடியும் தேதி என்று ஓர் அட்டவணை வேண்டும். பழைய இன்வாய்ஸை மறுபடி அச்சிட்டால் அன்றைய வரியே வர வேண்டும். 5 காசுக்கு முழுமையாக்குவது ரொக்கத்துக்கு மட்டும், அதுவும் மொத்தத்தில் மட்டும். இன்வாய்ஸில் பொருளுக்குப் பொருள் முழுமையாக்கினால் மாலையில் கல்லாக் கணக்கு உதைக்கும்.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று மென்பொருள் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதைப் பலரும் சொல்வார்கள். கவுண்டர், ஸ்டோர், கணக்குப் பிரிவு மூன்றும் மூன்று உலகம். கவுண்டர் ஆட்கள் ஐந்து பேரை மட்டும் பார்த்தால் ஸ்டோரின் தொல்லை தெரியாது. உண்மையான டி.ஓ. (சரக்கு அனுப்பும் சீட்டு) ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். ‘புரிகிறதா?’ என்று கேட்டால் மரியாதைக்காக எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள்.

தமிழ்த் திரை கேட்டால் கொடுங்கள், ஆனால் ஸ்டாக், இன்வாய்ஸ் என்று வாயில் வரும் சொற்களை அப்படியே விடுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் ‘உறுதிப்படுத்து’ அடங்காது. எழுத்து வரியின் உயரம் எழுத்தளவில் 1.2 மடங்கு என்றிருந்தால் சில எழுத்துருக்களில் ‘கீ’யின் மேல்சுழி வெட்டுப்படும், 1.6 வைக்கலாம்.

மாறும் நாளை மாதக் கடைசி, ஸ்டாக் எடுக்கும் வாரம், சீனப் புத்தாண்டு, தீபாவளி நெருக்கம் எதிலும் வைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை நல்லது: திங்கள் நெரிசல் முடிந்திருக்கும், திருத்த மூன்று நாள் இருக்கும். அகப்பக்கத்தின் பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் 301 (‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்று உலாவிக்குச் சொல்லும் குறியீடு) மூலம் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட வேண்டும். அவற்றைக் கூகுளில் மட்டும் தேடினால் போதாது. லாரியின் பக்கவாட்டிலும், ஸ்டோரில் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளிலும் அச்சாகியிருக்கும். பெட்டிகள் தீர்ந்தாலும் லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.