காலியாக இருந்த மூன்றாவது கட்டம்

தம்பி மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று கோத்தகிரியில் விடாத சாரல். வீடெல்லாம் ஆட்கள், கேசரி வாசனை. நான் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாவின் தடுப்பூசி அட்டை எங்கே?" தம்பி மனைவியின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "இன்றைக்குமா அண்ணி?" என்றாள். 30 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக இந்த மலைச் சரிவுகளில் ஏறி இறங்கியவள் நான். எனக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அட்டை பழைய பிஸ்கட் டின்னில் கிடைத்தது. மலை ஈரத்தில் ஓரம் பூஞ்சை பிடித்து, நீல மை பரவியிருந்தது. பாதிக்கு மேல் என் கையெழுத்து. பிசிஜி, போலியோ, முத்தடுப்பூசி, தட்டம்மை எல்லாம் இருந்தன. அடியில் நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டம் வரைந்திருந்தேன். ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் மஞ்சள்காமாலைக் கிருமிக்கான ஊசி. அவள் பிறந்தது 2007; நாடு முழுவதும் அந்த ஊசி அட்டவணைக்கு வந்தது 2011-இல்தான். அதனால் வெளியே வாங்கிப் போட்டோம். முதல் கட்டத்தில் தேதி இருக்கிறது, இரண்டாவதிலும் இருக்கிறது. மூன்றாவது காலி. பசுந்தேயிலைக்கு விலை இல்லாமல் தம்பி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போன சமயம் அது. ஊர் மாறியதில் ஊசி விட்டுப்போயிருக்கிறது.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் என் இடது ஆள்காட்டி விரல் கூசியது. 1993-இல் பயிற்சிக்காக ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தேன். ரத்தம் எடுத்துவிட்டு ஊசிக்கு மூடி போடும்போது விரலில் ஏறிவிட்டது. அந்த நோயாளியின் கண்கள் மஞ்சளாக இருந்தன. எங்களுக்கு யாரும் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஆறு மாதம் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று கீழிமையை இழுத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தை நான் மறக்கவில்லை. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குக் குத்திய ஊசி தடுப்பூசி போடாதவர் கையில் ஏறினால், நூற்றுக்கு 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். எச்ஐவி என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். எல்லோரும் பயப்படுவது எச்ஐவிக்கு. கையில் தடுப்பூசி இருப்பது மற்றதற்கு.

விட்டுப்போன ஊசிக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடலாம். மூன்றாவதைப் போட்டு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்க்க வேண்டும். அறிக்கையில் 10 (mIU/mL) அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. ஊசியே போடாத பிள்ளைகளுக்கு இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. அதாவது இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் கல்லூரி திறப்பதற்குள் முடியாது. நீட் எழுதிய வாரத்திலேயே தொடங்குங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அந்த ஊசி வீணாகாது.

அடுத்தது அம்மை. கல்லூரி தந்த படிவத்தில் 'சின்னம்மை வந்ததுண்டா?' என்று ஒரு வரி. வந்தது, நாலு வயதில், வேப்பிலை கட்டினோம் என்றாள் தாய். அது மணல்வாரி, சின்னம்மை இல்லை என்றார் என் அம்மா. இருவருக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். நம் வீடுகளில் அம்மை கண்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள் நினைவிருக்கும், சீட்டு இருக்காது. ரத்தப் பரிசோதனை செய்தோம். சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. அம்மா சொன்னதே சரி. இனி இரண்டு ஊசி, குறைந்தது நான்கு வார இடைவெளியில்.

தட்டம்மைக்கும் ஒரே ஊசிதான் ஆகியிருந்தது. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்திக்குப் பயந்து அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று தம்பி மனைவி இப்போதுதான் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்த தாயிடம் உட்கார்ந்து பேச அந்த ஊரில் ஒருவரும் இல்லை. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து எம்எம்ஆர் இரண்டு தவணை எழுதிக்கொண்டோம்.

காசநோய்க்கான மாண்டூ பரிசோதனையில்தான் அலைந்தோம். ஓர் ஆய்வகத்தில் வெள்ளிக்கிழமை மாலை முன்கையில் ஊசி போட்டார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியது. ஞாயிறு விடுமுறை, திங்கள் மரம் விழுந்து சாலை அடைப்பு. செவ்வாய் போனால், சிவந்திருந்த இடத்தை ஸ்கேலால் அளந்து 'பாசிட்டிவ்' என்று எழுத வந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேரமும் கடந்துவிட்டது, அளந்ததும் தவறு. சிவப்பை அளக்கக் கூடாது. கண்ணை மூடி விரல் நுனியால் தடவினால் தோலுக்கடியில் கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். வெளியிலிருந்து பால்பாயின்ட் பேனாவை மெல்ல நகர்த்தினால் மேட்டின் விளிம்பில் அது நிற்கும். இரு பக்கமும் அப்படிக் குறித்து, நடுவில் உள்ளதை மில்லிமீட்டரில் எழுத வேண்டும்.

மறுபடி செய்தோம், இந்த முறை புதன்கிழமை. அதே நாளில் எம்எம்ஆரும் சின்னம்மை ஊசியும். இவை உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. ஒரே நாளில் போடலாம். தவறினால் 28 நாள் காத்திருக்க வேண்டும். முதலில் இவற்றைப் போட்டுவிட்டுச் சில நாளில் மாண்டூ செய்தால் முடிவு பொய்யாக வரக்கூடும். இந்த வரிசையை யாரும் படிவத்தில் எழுதித் தருவதில்லை.

பார்வை, ரத்த அழுத்தம், மார்பு எக்ஸ்ரே எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அதற்கு முன்பே ஒரு மருத்துவர் தலை நிமிராமல் உடல் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தார். ஸ்டெதாஸ்கோப் மேசையிலேயே கிடந்ததாம். "இதை வைத்துக்கொண்டு நீ டாக்டராகப் போகாதே" என்று திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். வேறொருவர் முழுதாகப் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

ஹெபடைடிஸ் ஊசிக்கு நானே குன்னூருக்கு அழைத்துப் போனேன். சிம்ஸ் பூங்கா அருகே பாஸ்டர் நிறுவனத்தைக் காட்டினேன். வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-இல் தொடங்கியது. அதற்கு முன் வெறிநாய் கடித்தவர்கள் இங்கிருந்து இமாசலத்துக் கசௌலி வரை ரயிலேற வேண்டியிருந்தது என்று சொன்னேன். "போய்ச் சேரும்வரை பொறுக்குமா அத்தை?" என்று கேட்டாள். எல்லோருக்கும் பொறுக்கவில்லை.

கிளினிக்கில் இளம் செவிலியர் ஒருவர் புட்டியைக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த மருந்து உறைந்துவிட்டால் கெட்டுவிடும். குலுக்கினால் திப்பி திப்பியாக அடியில் படியும். இது பால்போல் கலங்கி நின்றது. போட்டு முடித்ததும் மூடியைத் தொடாமல் ஊசியை நேராக வெட்டும் கருவிக்குள் விட்டார். க்ளிக். "பார்த்தாயா?" என்றேன். "பார்த்தேன் அத்தை."

அட்டையை நீட்டினேன். மூன்றாவது கட்டத்தில் அவர் தேதி எழுதினார்.