விட்ட மீனின் நிறை

லைட் லூர் ஃபிஷிங்கை, அதாவது சின்னப் பொய் இரையால் மீன் பிடிப்பதை, பெரியவர்களுக்கு விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை. பத்து கிராமுக்கு மேல் எறிந்தால் முறைத்துப் பார்க்கும் மெல்லிய கோல். உள்ளங்கையில் அடங்கும் ரீல். இரண்டு கிராம் ஈயத்தலை உள்ள ஒரு கொக்கி, அதில் செருகிய இரண்டு அங்குல ரப்பர் மீன். இதை எறிய வேண்டும், அடியில் படவிட வேண்டும், கோல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டித் துள்ளவைக்க வேண்டும், மெல்ல இழுக்க வேண்டும், திரும்ப எறிய வேண்டும். புழு கிடையாது, மிதப்பு கிடையாது, உட்கார நாற்காலியும் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் லண்டனுக்கு வந்திருந்த மாமா என் பெட்டியைத் திறந்து, வரிசையாக அடுக்கியிருந்த ரப்பர் மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உதென்ன தம்பி, மீன் பிடிக்க மீனோ?"

"ரப்பர் மீன், மாமா."

"பொய் மீன். அதுகளுக்கு விளங்காதோ?"

"கூடுதலா விளங்கும் மாமா. அதாலதான் கன நேரம் ஒண்டும் வராது."

பிறகு நூலைத் தொட்டுப் பார்த்தார். ஆறு இறாத்தல், அதாவது ஆறு பவுண்ட் நிறை தாங்கும் பின்னல் நூல். அதன் முனையில், தண்ணீருக்குள் அவ்வளவாகத் தெரியாத ஃபுளோரோகார்பன் நூல் ஒரு முழம். "இதிலை பூமாலைகூடக் கட்டேலாது" என்றார். ஆனாலும் தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்கு முதல் வாசலில் நின்றார். மாமி ஒரு ஃபிளாஸ்க் தேத்தண்ணியும், ஒரு பட்டாளத்துக்குக் காணக்கூடிய ரோல்ஸும் கட்டித் தந்தார். மீன் கிடைக்குமா என்ற கவலை மாமிக்கு இல்லை. நாங்கள் பசி கிடப்போமா என்பதுதான் கவலை.

நாங்கள் போனது கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை. அல்பர்ட்டனில் இறங்கி, ஹோர்சன்டன் குன்றுப் பக்கமாக நடந்தோம். 1801இல் திறந்த கிளை இது. 22 கிலோமீட்டர் நீளம், படகை ஏற்றி இறக்கும் லொக், அதாவது நீர்க்கதவு, வழியில் ஒன்றும் இல்லாமல் ஒரே மட்டத்தில் கிடக்கும். அந்தக் காலத்தில் படகை இழுத்துக்கொண்டு குதிரைகள் நடந்த கரைப்பாதையில் இப்போது சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு பறக்கிறார்கள். குதிரை பரவாயில்லை, அது 'ஆன் யுவர் ரைட்' என்று கத்தியிருக்காது.

நடக்கும்போதே சட்டம் சொல்லிக்கொண்டு போனேன். இங்கிலாந்தில் பதின்மூன்று வயதோ அதற்கு மேலோ ஆனவர் யாராக இருந்தாலும் நன்னீரில் தூண்டில் பிடிக்க லைசென்ஸ் வேண்டும். பிடிபட்டால் 2,500 பவுண்ட் வரை தண்டம். மாமா நின்றார். கண்ணை மூடி இலங்கைக் காசில் பெருக்கினார். "பத்து லட்சமோ!" என்றார். அதற்குப் பிறகு என் கோலுக்கும் அவருக்கும் இடையில் எப்போதும் ஒரு பாகத் தூரம் இருந்தது. மஞ்சள் மேற்சட்டை போட்ட யாராவது தூரத்தில் வந்தால் போதும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னை முன்பின் தெரியாத ஆள் மாதிரி வாத்துகளைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். வந்தவர்களில் ஒருவர் ஓடுகிறவர், இன்னொருவர் நாய் கொண்டுவந்தவர். மூன்றாவது ஆள் உண்மையிலேயே குப்பை பொறுக்க வந்த தொண்டர். அவருக்கு மாமா ஒரு சல்யூட் வைத்தார்.

கால்வாயில் எங்கே எறிவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நடுவில் படகு ஓடும் பள்ளம். இரண்டு கரையிலும் ஆழம் குறைந்த தட்டு. தட்டு முடிந்து பள்ளம் தொடங்கும் சரிவில்தான் நாங்கள் தேடி வந்த பேர்ச் என்ற நன்னீர் மீன் நிற்கும். கட்டி வைத்த படகுகளின் நிழல், பாலத்தடி, நாணல் ஓரம் எல்லாம் அதன் இடங்கள். கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன் என்பதால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் லண்டன் கால்வாய் தெளிவாக இருக்காது. படகுக்காரர்களுக்கும் அன்றுதான் லீவு.

ஒரு நீளப் படகு வந்தது. கால்வாயில் வேகக் கட்டுப்பாடு மணிக்கு நாலு மைல். அந்த மனிதர் அதையும் வீணாக்க விரும்பாதவர். பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தபடி, கையில் தேநீர்க் கோப்பையோடு, எங்களைக் கடந்து முடிக்கவே ஒரு யுகம் எடுத்தார். மாமா அந்தப் படகோடு கூடவே நடந்து பார்த்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து, "நான் முந்திப்போட்டன்" என்றார். படகு போன பிறகு தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது.

அந்தக் கலங்கலுக்குள் எறிந்துகொண்டிருந்தபோது நூல் திடீரென்று கனத்தது. இழுத்தால் வருகிறது, ஆனால் துடிப்பு இல்லை. இந்தக் கால்வாயில் சைக்கிளும் சூப்பர்மார்க்கெட் வண்டியும் மாட்டுவது புதினமில்லை. அப்படியானால் நூல் அறும், ஒரு ரப்பர் மீன் போகும், அவ்வளவுதான். இது அறவில்லை. மெதுவாகக் கரைக்கு வந்தது. குடுமியோடு முழுத் தேங்காய். அல்பர்ட்டனைச் சுற்றிக் கோயில்களுக்குக் குறைவில்லை. கங்கை தூரம் என்பதால் யாரோ கிட்டடியில் இருந்த தண்ணீரில் விட்டிருக்கிறார்கள். என் கொக்கி சரியாகக் குடுமியில் மாட்டியிருந்தது.

மாமா முதல் தடவையாக மனம்விட்டுச் சிரித்தார். "சொதிக்குத் தேங்காய் வந்திட்டுது. இனி மீன்தான் இல்லை."

எடுக்கலாமா என்று கேட்டேன். "சாமிக்குக் குடுத்ததைத் தொடக்கூடாது" என்று, கொக்கியை மட்டும் பக்குவமாகக் கழற்றித் தேங்காயைத் திரும்ப மிதக்கவிட்டார். அன்றைய முதல் விடுவிப்பு அவர் கையால்தான் நடந்தது. அந்த நேரம் பார்த்து நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று, தேங்காயையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்து, இந்தக் கால்வாயில் மீனே இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். தூண்டில்காரன் நிற்கும் கரையில் இப்படி ஒருவராவது கட்டாயம் வருவார். நாய் பார்ப்பதற்கு அவரை விட நம்பிக்கையோடு இருந்தது.

அப்புறம் பாலத்தடியில், சுவரோடு ஒட்டி விட்டபோது, கோல் நுனியில் டக் டக் என்று இரண்டு தட்டு. பேர்ச்சின் தட்டுத்தான், சந்தேகமில்லை. தூக்கினேன். மெல்லிய கோல் என்பதால் வில்லாக வளைந்து, ஏதோ முதலையைப் பிடித்த தோரணை காட்டியது. மேலே வந்தது பன்னிரண்டு சென்டிமீட்டர். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டிகள், வயிற்றுச் செட்டைகள் குங்குமச் சிவப்பு, முதுகில் முள்ளை விரித்துக்கொண்டு, அளவுக்கு மீறிய கோபத்தோடு.

மாமா குனிந்து பார்த்தார். "வடிவான மீன்" என்றார். இரண்டு கணம் கழித்து, "கூழுக்குக்கூடக் காணாது" என்றார்.

கையை நனைத்து, தலைப்பக்கமிருந்து தடவி முதுகு முள்ளை மடக்கிப் பிடித்து, கொக்கியைக் கழற்றினேன். மீசைமுள் இல்லாத கொக்கி, இலகுவாகக் கழன்றது. மீனைத் தண்ணீரில் விட்டேன். வாலால் ஒரு அடி, போய்விட்டது.

மாமாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் ஓராவும் ஒட்டியும் பிடித்துக் கோர்வையாக வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர். "பஸ் ஏறி வந்து, காசு கட்டி, மணித்தியாலக் கணக்கா நிண்டு, பிடிச்சதைத் திருப்பி விடுறதோ? உங்களுக்கு ஆரும் சூனியம் செய்துபோட்டினமோ?" கால்வாய் மீனைக் கால்வாய் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, இங்கே தூண்டில் பிடிக்கிறவர்கள் விடுவதற்காகத்தான் பிடிக்கிறார்கள் என்றேன். அவர் பதில் சொல்லாமல் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார்.

மாற்றம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண், எல்லோரும் கேட்பதைக் கேட்டார், ஏதாவது கிடைத்ததா என்று. நான் வாயைத் திறக்க முதல் மாமா, "யெஸ், யெஸ். வன் பேர்ச்" என்று இரண்டு கையையும் ஒரு சாண் அகலத்துக்குக் காட்டினார். அந்தப் பெண் பாராட்டினார். மாமா யோசனையில் ஆழ்ந்தார். அடுத்து வந்த சைக்கிள்காரருக்கு ஒரு முழம் காட்டினார். அதற்கடுத்து வந்த இளைஞர்களிடம் கை அகலத்தோடு நிறையும் சேர்ந்தது: "டூ பவுண்ட்!" எங்கே என்று அவர்கள் கேட்டபோது மாமா கால்வாயைக் காட்டி, மிகுந்த பெருந்தன்மையோடு, "வீ ரிலீஸ்" என்றார்.

பிரிட்டனில் பிடித்த பேர்ச்சின் சாதனையே ஆறு இறாத்தல் மூன்று அவுன்ஸ்தான், இந்த வேகத்தில் போனால் பொழுது படமுதல் அதைத் தாண்டிவிடுவோம் என்று மெல்லச் சொன்னேன். "அப்ப நாலோட நிப்பாட்டுவம்" என்றார்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேர்ச் வந்தன, எல்லாம் அதே அளவு. ஒன்றைப் படம் எடுக்கச் சொன்னார். லைசென்ஸ் இல்லாத கையால் மீனைத் தொடமாட்டேன் என்று, என்னையே பிடிக்கவைத்து, கையைக் கமராவுக்கு நேரே நன்றாக நீட்டச் சொல்லி, தானே குந்தியிருந்து எடுத்தார். படத்தில் மீன் என் தலையை விடப் பெரிதாக இருந்தது. இந்தக் கோணம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே படம் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் அவருடைய பழைய தூண்டில் கூட்டாளி அழைத்தார். அங்கே நள்ளிரவு, ஆனால் மீன் விஷயம் என்றால் அவருக்கு நித்திரை இல்லையாம். மாமா ஸ்பீக்கரில் போட்டு, கால்வாய், சரிவு, பாலத்தடி, டக் டக் என்ற தட்டு எல்லாவற்றையும் தானே கோலைப் பிடித்திருந்தவர் மாதிரி விவரித்தார்.

"நாலு இறாத்தல் வரும்" என்று முடித்தார்.

"என்ன கறி வைச்சனியள்?"

"இஞ்ச அந்தப் பழக்கமில்லை. நாங்கள் விட்டிட்டம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்தது: "டேய், நாலு இறாத்தல் மீனைப் பிடிச்சுத் திருப்பி விட்டனியோ? உனக்கென்ன விசரோ?"

மாமா ஃபோனை என் பக்கம் நீட்டினார். "தம்பி, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ இவனுக்கு."