கரும்பொருளுக்கு முன்னால் ஹைட்ரஜன்

ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் கரும்பொருளை (dark matter) காமாக் கதிரில் தேட ஆசைப்படுகிறவர்கள், விண்வெளியில் சுற்றும் ஃபெர்மி காமாத் தொலைநோக்கியின் வான்படத்தில்தான் தொடங்குகிறார்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் ஹைட்ரஜனில் தொடங்குவதே சரி. ஃபெர்மி காணும் காமா ஒளியில் பெரும்பங்கு, காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள்) விண்வெளி வாயுவில் மோதிப் பிறப்பது. கரும்பொருள் துகள்கள் மோதி அழிந்து காமா தந்தாலும், அதன் மேல் இந்த வெளிச்சம் படிந்திருக்கும். அந்த வாயு எங்கே எவ்வளவு என்று காட்டுவது ஹைட்ரஜன் உமிழும் 1420.406 மெகாஹெர்ட்ஸ் ரேடியோக் கோடு; அலைநீளம் 21 செ.மீ. அதைத் தோட்டப்புறத்திலேயே பிடிக்கலாம்.

வேண்டியவை: ஒரு மீட்டர் டிஷ், வடிகட்டியோடு வரும் எல்.என்.ஏ. (இரைச்சல் குறைந்த பெருக்கி), கணினியில் செருகும் ரேடியோ வாங்கியான ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிள். குவியத்தில் வைக்கத் தகர டின் போதும். விட்டம் 15 செ.மீ.; நீளம் 28 செ.மீ. வரும்படி இரண்டைப் பற்றவையுங்கள். உள்ளே 5 செ.மீ. செம்புக் கம்பி, அடித்தட்டிலிருந்து 9.3 செ.மீ. தள்ளி. விட்டம்தான் முக்கியம். 12.4 செ.மீ.க்குக் குறைந்தால் 21 செ.மீ. அலை உள்ளே நுழையாது. 16-ஐத் தாண்டினால் வேண்டாத இன்னொரு அலைவகையும் கூடவே நுழையும். எல்.என்.ஏ. டின்னோடு ஒட்டியே இருக்கட்டும். நீளக் கேபிளுக்குப் பிறகு வைத்தால் கேபிளின் இழப்பு முழுவதும் இரைச்சலாகச் சேரும்.

செம்பனை வரிசைக்குள் டிஷ்ஷை வைக்காதீர்கள். ஓலையும் மட்டையும் சுமார் 300 கெல்வினில் எல்லா அதிர்வெண்ணிலும் ரேடியோ இரைச்சலை உமிழ்கின்றன. கோடோ சில பத்துக் கெல்வின்தான். பள்ளித் திடல் நல்ல இடம். மேகம் தடையல்ல. இடிதான் பயம்; வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. பால்வெளித் தளத்தில் நெட்டாங்கு 30° உள்ள இடம் (பால்வெளி மையத்திலிருந்து 30° தள்ளி), ஜூலைத் தொடக்கத்தில் இரவு ஒரு மணி வாக்கில், உச்சிக்கு 7° தெற்கே வரும். மைய அதிர்வெண்ணை 1420.7-இல் வையுங்கள், 1420.4-இலேயே வைத்தால் டாங்கிள் தானே மைய அதிர்வெண்ணில் உண்டாக்கும் பொய்முள் கோட்டின் மேல் ஏறி உட்காரும். ஐந்து நிமிடம் அங்கே, ஐந்து நிமிடம் வெற்று வானம். முதலதை இரண்டாவதால் வகுங்கள். வகுக்காவிட்டால் வடிகட்டியின் மேடே ஹைட்ரஜன் மாதிரி தெரியும்.

கோட்டின் கடைசி விளிம்பு சுமார் 0.5 மெகாஹெர்ட்ஸ் கீழே, அதாவது விலகும் வேகம் 110 கி.மீ./வினாடியை ஒட்டி வரும். சூரியனைச் சுற்றும் பூமியின் 30, பக்கத்து விண்மீன்களுக்கு இடையே சூரியனின் 20 கி.மீ./வினாடி இயக்கங்களைத் திருத்திய பிறகே இதை நம்பலாம். பால்வெளி மையத்தைச் சூரியன் சுற்றும் வேகம் சுமார் 220. அதில் சைன் 30° பங்கான 110-ஐ விளிம்பின் 110-உடன் கூட்டினால் மீண்டும் 220. மையத்திலிருந்து சூரியனைவிடப் பாதித் தொலைவிலும் அதே வேகம்! ஆனால் டிஷ்ஷின் பார்வை 15° அகலம், எண் கொஞ்சம் கூடவே காட்டும். இதை மட்டும் வைத்துக் கரும்பொருளை நிரூபித்ததாகச் சொல்லவும் கூடாது. சூரியப் பாதைக்கு உள்ளே விண்மீன்களும் வாயுவுமே பெருமளவு கணக்கை ஈடுகட்டும். வெளியே போகப் போகத்தான், அந்த வேகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறை போதாமல் போகிறது.

எஃபெல்ஸ்பெர்க், பார்க்ஸ் தொலைநோக்கிகள் இதே கோட்டில் முழு வானத்தையும் அளந்த வரைபடம் 2016-இல் வந்தது. காமா ஆய்வாளர்கள் கழிக்கும் பின்னணிக்கு இப்படிப்பட்ட வாயு வரைபடங்களே அடிப்படை. பால்வெளி மையத்தில் 2009 முதல் பேசப்படும் 2–3 ஜி.இ.வி. (காமா ஆற்றலின் அலகு) உபரி ஒளி கரும்பொருளால் வரலாம்; மிக வேகமாகச் சுழலும் இறந்த விண்மீன்களான மில்லிவினாடிப் பல்சார்களாலும் வரலாம். கழித்தலில் சிறு பிசகு நேர்ந்தாலும் அந்த உபரியின் வடிவம் மாறும். வாயுவே இல்லாத டிராகோ போன்ற குள்ள விண்மீன் மண்டலங்களை ஃபெர்மி குழு குறிவைத்தது அதனால்தான். அங்கே இதுவரை உறுதியான காமா எதுவும் சிக்கவில்லை.